சமையலறைக்குத் திறந்த படுக்கையறை

புதுப்பித்து முடித்த பிறகு அந்த வீட்டின் படுக்கையறைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தவர், வீடு வாங்க வந்த வங்கி அதிகாரி உமாபதி. எடுத்து வைத்த கால் சமையலறையில் போய் ஊன்றியது. அவர் கூடத்திலிருந்து திறந்தது படுக்கையறைக் கதவைத்தான். தேக்கு நிறத்தில் மெருகிட்டுப் பித்தளைக் கைப்பிடி பொருத்திய புதுக் கதவு. உள்ளே இருட்டாக இருந்ததால் விளக்குப் பொத்தானைத் தேடிக் கையை நீட்டியபடி ஓர் அடி வைத்தார். நிலையைத் தாண்டியதும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலைக்கும் நடுவில், நீட்டிய கை மசாலா டப்பா அடுக்கும் இழுப்பறையின் மீது படிந்திருக்க, நின்றுகொண்டிருந்தார்.

"சார், கிச்சனை அப்புறம் பாக்கலாம். மொதல்ல பெட்ரூமைப் பாருங்க," என்றார் தரகர் தேவசகாயம்; வீடு பார்க்க வருகிறவர்கள் வழி தவறுவது அவர் தொழிலில் புதிதன்று. உமாபதி சமையலறையிலிருந்து வெளியே வந்து, கூடத்தைக் கடந்து, மறுபடியும் அந்தக் கதவுக்குள் போனார். மறுபடியும் சமையலறையிலிருந்து வெளியே வந்தார். வழி காட்டுவதற்காகத் தேவசகாயம் போனார். அவரும் சமையலறையிலிருந்தே வந்தார். கடைசியாகப் போன உமாபதியின் மனைவி சாருமதி, போன இடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, "நம்ம வீட்லயும் எந்தக் கதவைத் தொறந்தாலும் நான் அங்கதான் போய் நிக்கிறேன். இதுக்கு எதுக்கு இத்தனை லட்சம்?" என்று கணவனைக் கேட்டாள்.

பெரம்பூரில் தோட்டக்காரத் தெரு ஒரு முட்டுச்சந்து. வண்டி வாகனம் ஊடுருவிப் போக வழி இல்லாததால், குக்கரின் விசிலையும் காக்கையையும் தவிர வேறு சத்தம் எழாத தெரு அது. தெருவின் கோடியில் உள்ள சிவசக்தி அடுக்ககத்தின் வாயிலில் தேவசகாயம் கட்டியிருந்த பலகையில் இப்படி எழுதியிருந்தது: புதுப்பிக்கப்பட்ட ஒற்றைப் படுக்கையறை வீடு விற்பனைக்கு, அமைதியான தெரு, நல்ல காற்றோட்டம், உடனே குடியேறலாம். அந்த வீட்டில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தும், அதன் ஒற்றைப் படுக்கையறையில் ஒரே ஒரு நாள் மட்டும் படுத்துறங்கிய குமுதவல்லி, தம்பியின் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து, யாரும் பார்க்காத பிற்பகலில், அந்தப் பலகையை ஒருமுறை நின்று படித்துவிட்டுப் போயிருந்தாள். சொல்லாமல் விழுங்குவது அவளுக்குக் கைவந்த ஒன்று. ஆனால் அன்று விழுங்கியது கீழே இறங்கவில்லை.

அந்த வீட்டை வாங்கியவர் அவளுடைய தந்தை நமச்சிவாயம். ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். குடிவந்த நாளில் படுக்கையறை தாய் தந்தைக்கு என்றும், கூடம் அண்ணன் ஏகாம்பரத்துக்கும் தம்பி தணிகைவேலுக்கும் என்றும் ஆனது. பெண்பிள்ளை கூடத்தில் படுப்பது முறையன்று என்று தாய் சொன்னாள். ஆகவே குமுதவல்லிக்குச் சமையலறை ஆனது. சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் இடையில் பாயை விரித்தால் பாய் முழுதாக விரியாது; ஓர் ஓரம் சுவரில் ஏறி நிற்கும். காலை நீட்டினால் சிலிண்டரில் இடிக்கும். ஆகையால் முழங்காலை மடக்கிப் படுத்தாள். மடக்கிய முழங்கால் ஆண்டுகள் ஏற ஏற மடக்கியபடியே நிற்கப் பழகிக்கொண்டது. ஏகாம்பரத்துக்குக் கல்யாணம் ஆனதும் படுக்கையறை அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஆனது; அவன் மாதவரத்தில் தனிவீடு கட்டிக்கொண்டு போனதும் தணிகைவேலுக்குக் கல்யாணம் ஆகிப் படுக்கையறை அவனுக்கு ஆனது; அவனும் கொளத்தூருக்குப் போனதும் தந்தைக்குப் பக்கவாதம் வந்து படுக்கையறை நோயாளிக்கு ஆனது; தந்தை போனதும் தாய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு அதே கட்டிலில் படுத்தாள். தந்தைக்கு முடியாமல் போன மாதமே குமுதவல்லி கூட்டுறவுப் பண்டகசாலையில் பார்த்துவந்த வேலையை விட்டாள். அந்தத் தையில் பேசி முடிப்பதாக இருந்த அவளுடைய கல்யாணம் அடுத்த தைக்குப் போயிற்று. அடுத்த தை அதற்கடுத்த தைக்குப் போயிற்று. பிறகு தை மட்டும் வந்துகொண்டிருந்தது. படுக்கையறைக்குள் அவள் நாள்தோறும் போனாள்; கஞ்சியோடு போனாள், வெந்நீரோடு போனாள், மலச்சட்டியோடு போனாள்; அங்கிருந்து ஒவ்வொரு முறையும் சமையலறைக்குத்தான் திரும்பினாள். அண்ணனும் தம்பியும் போய்க் கூடம் காலியான பிறகும், இனி கூடத்தில் படுத்துக்கொள்ளேன் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை, தாயும் சொல்லவில்லை, அவளுக்கேகூட அது தோன்றவில்லை, அதுதான் பின்னாளில் நினைக்க நினைக்கக் கொதித்தது.

தாய் இறந்து பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, படுக்கையறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்த மறுநாள், குமுதவல்லி தன் பாயைச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் விரித்தாள். பாய் நான்கு மூலையும் தரையில் படிய விரிந்தது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தவள், முதலில் ஒரு காலையும் பிறகு மறு காலையும் மெல்ல நீட்டினாள், எதுவும் இடிக்கவில்லை. மறுநாள் வெயில் முகத்தில் விழுந்து, யாரும் கூப்பிடாமல், தானாகக் கண் விழித்தபோது, வாசற்படியில் கையில் அளவு நாடாவோடு ஒரு மேஸ்திரியும் அவனுக்குப் பின்னால் ஏகாம்பரமும் நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் எந்திரிம்மா. ரூமை அளவு எடுக்கணும்," என்றான் ஏகாம்பரம்.

அவள் எழுந்தாள், பாயைச் சுருட்டினாள், அண்ணனுக்கும் மேஸ்திரிக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். வீட்டைப் புதுப்பித்து விற்பது என்று அண்ணனும் தம்பியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். தந்தையும் தாயும் உயில் எழுதாமல் போனதால் வீட்டில் மூவருக்கும் பங்கு உண்டு. மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் விற்கலாம். எனினும் குமுதவல்லியின் கையெழுத்தைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதே இல்லை, உலை வைக்கும்போது வீட்டில் உப்பு இருக்கிறதா என்று எந்த ஆணும் கவலைப்படாததைப் போல. அவளுக்கு எதற்குத் தனிவீடு, நாங்கள் இல்லையா என்றார்கள். முதல் ஆறு மாதம் அண்ணன் வீடு, அடுத்த ஆறு மாதம் தம்பி வீடு என்று முறை வைத்தார்கள். தம்பி வீட்டில் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்த வீட்டில் படுக்கையறை மூன்று.

தோட்டக்காரத் தெருவின் வீட்டில் தரைக்குப் பளபளப்பான கல் பாவினார்கள். மேற்கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டி அதற்குள் விளக்குகளை ஒளித்தார்கள். அரிசி டிரம் நின்ற இடத்தையும் பாய் விரித்த இடத்தையும் உடைத்து, இழுத்தால் சத்தமின்றி வரும் இழுப்பறைகள் அமைத்தார்கள். கண்ணாடி மூடிய நான்கு வாய் அடுப்பு ஒன்றைப் பதித்தார்கள். எல்லாம் முடிந்து ஏகாம்பரம் மேஸ்திரியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட பிறகுதான் உமாபதி வந்தார்.

செய்தி அடுக்ககத்தில் பரவியதும், ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு நேரத்தில் வந்து அந்தக் கதவுக்குள் போய்ப் பார்த்தார்கள். ஆண்கள் சமையலறையில் போய் நின்றதும் எங்கே நிற்கிறோம் என்று அறியச் சற்று நேரம் பிடித்தது. அறிந்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாராவது வந்து ஒரு தம்ளரைக் கையில் கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்களைப் போல நின்றுவிட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். முதலில் போனவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அடுத்தடுத்துப் போனவர்களிடம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் மாடியில் குடியிருந்த பேராசிரியை வசந்தகோகிலம், கல்லூரியிலிருந்து வந்த கையோடு தோளில் பையுடன் உள்ளே போனவள், சமையலறையில் நின்றதும் தன்னையறியாமல் பையை இறக்கி வைத்து மேடையைத் துடைக்கத் துணி தேடினாள். தேடிய கையைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். கீழ்த்தளத்து ஷமீம் பானு மட்டும் ஒருமுறை போய் வந்ததோடு நிறுத்திக்கொண்டு, "இதப் பாக்க இங்க எதுக்கு வரணும், எங்க வீட்லயே பாக்கலாமே," என்று கதவோரம் நின்ற பெண்களிடம் சொல்ல, அதற்குப் பிறகு பெண்கள் அதை ஓர் அதிசயமாகப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அதிசயமாகப் பேசியவர்கள் ஆண்களே. அடுக்ககத்தின் செயலாளர் பட்டாபிராமன் கூட்டம் கூட்டி, படுக்கையறை பத்திரத்தில் இருக்கும்வரை பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பைசாவும் குறைக்க இயலாது என்று தீர்மானம் போட்டார். வாஸ்து பார்க்க வந்தவர், அக்கினி மூலை தன் இடத்தைத் தேடி அலைகிறது என்று சொல்லி, கதவுக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டச் சொன்னார். கண்ணாடி மாட்டியதும் கதவுக்குள் போகிறவர் சமையலறையில் நிற்பதைக் கூடத்திலிருந்தே பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். மேஸ்திரி வந்து, இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் சம்மட்டியால் ஓட்டை போட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்; அவனுடைய முதுகும், முதுகுக்குக் கீழே இருப்பதும், சுவருக்கு முன்னால் குனிந்து நிற்பதை அவனே பார்த்தான்; ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துவிட்டு அதற்குக் கூலி வேண்டாம் என்று போய்விட்டான். தேவசகாயம் பலகையில் உள்ளதை மாற்ற மறுத்துவிட்டார். படுக்கையறை இல்லை என்று யாரால் சொல்ல முடியும், போகத்தான் முடியவில்லை என்றார். அதைவிட மோசமான வீடுகளை அவர் விற்றிருந்தார். தெருவில் எல்லாரும் கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிட்டார்கள். தண்ணீர் வராத நாள், மின்சாரம் நின்ற நாள் என்பதைப் போல, படுக்கையறை போய்விட்ட வீடு என்று அதுவும் பேச்சோடு பேச்சாகிவிட்டது. அந்த அறை ஏன் போயிற்று என்று மட்டும் அண்ணனும் தம்பியும் யாரிடமும் கேட்கவில்லை. எப்போது திரும்பும் என்றுதான் கேட்டார்கள்.

கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கக் கயிற்றில் தொங்கியபடி வந்த ஒருவன், இரண்டாம் மாடியில் அந்த அறையின் சன்னல் வழியே உள்ளே பார்த்தான். அறை உள்ளேதான் இருந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் கோரைப்பாய் ஒன்று நான்கு மூலையும் படிய விரித்திருந்தது. வேறு எதுவும் இல்லை. கம்பியில்லாத புதுச் சன்னலாதலால் அவன் காலைத் தூக்கி உள்ளே வைத்தான். வைத்தவன் சமையலறைத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

பாய் என்ற சொல்லைக் கேட்டதும் ஏகாம்பரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா அந்த அறையை விட்டுப் போகவில்லை என்றான். அவள் பாய் அங்கேயே கிடக்கிறது என்றான். ஆடி அமாவாசையன்று அவளுக்குப் பிடித்ததை எல்லாம் செய்து படையல் போட்டால் மனம் குளிர்ந்து போய்விடுவாள், அறையும் திரும்பிவிடும் என்றான். தணிகைவேலும் அப்படித்தான் இருக்கும் என்றான். தாய் எதில் படுத்தாள் என்பதை இரண்டு மகன்களும் ஒரு கணமும் யோசிக்கவில்லை. படையலைச் சமைக்கச் சொல்லிக் குமுதவல்லியிடம் சொன்னார்கள். அன்றைக்கே உமாபதியும் வருவார், அறை திரும்பியதும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம், பேனா நாங்கள் கொண்டு வருகிறோம் என்றும் சொன்னார்கள்.

அமாவாசையன்று காலையில் காய்கறி வாங்கத் தெருமுனைக்கு வந்த குமுதவல்லியை ஷமீம் பானு தள்ளுவண்டியருகே பிடித்துக்கொண்டாள். தாயின் கடைசி மாதங்களில் மாத்திரை வாங்கி வரவும், தூக்கி உட்கார வைக்கவும் கை கொடுத்தவள் அவள்.

"ஏன் குமுதாக்கா, உங்கம்மா என்னைக்குப் பாய்ல படுத்தாங்க?"

குமுதவல்லி கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதை நிறுத்தவில்லை. "படுக்கலை. கட்டில்தான்."

"அதான் நானும் சொல்றேன். கட்டிலைத்தான் ஒங்க அண்ணன் எடைக்குப் போட்டுட்டாரே. அப்ப அது யாரு பாய்?"

அது யாருடைய பாய் என்பது வண்ணக்காரன் கதையைக் கேட்ட நாளிலேயே குமுதவல்லிக்குத் தெரியும். வலது ஓரத்தில் சுவரில் ஏறி ஏறி மடிந்த தடம் அந்தப் பாயில் இருக்கும் என்பதும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருந்தது வேறு. ஒரே வீட்டில் பிறந்து, அவள் கையால் தின்று, அவள் துவைத்ததை உடுத்தி, அடுப்படியில் அவளைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் எடுத்துக் குடித்த இரண்டு பேருக்கு, அந்த வீட்டில் பாயில் படுத்தவள் யார் என்பது நினைவில்லை. வேண்டுமென்றே மறந்திருந்தால் ஒரு வகையில் தேவலை, அவர்கள் மறக்கவில்லை, மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும். பொடிக் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு அவள் நடந்தபோது நெஞ்சில் எரிந்தது, காலில் எரிந்தது, பையைப் பிடித்த விரலில் எரிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

புதுச் சமையலறையில் அவள் சமைத்தாள். இழுப்பறைகள் சத்தமின்றி வந்து சத்தமின்றிப் போயின. எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வாழைக்காய் வறுவல், பருப்பு வடை, பூசணிக்காய்க் கூட்டு, பாசிப்பருப்புப் பாயசம், சோறு. எல்லாம் செய்து முடித்து, படையலுக்குப் பின் எல்லாருக்கும் காபிக்காகக் கடைசி வாயில் பாலை வைத்துத் தீயைச் சிறிதாக்கினாள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் வேட்டி கட்டி நெற்றியில் நீறிட்டு நின்றார்கள். உமாபதியும் சாருமதியும் புது நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயம் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நிலைப்படியில் ஷமீம் பானு சாய்ந்திருந்தாள். படையலை வைத்துக் கதவைச் சாத்தி, இறந்தவர் வந்து உண்ணும்வரை வெளியே காத்திருப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆனால் சாத்துவதற்கான அறைக்குள் போக வழியில்லையே என்று தணிகைவேல் தயங்கினான்.

"குமுதாவே கொண்டு போகட்டும்," என்றான் ஏகாம்பரம். பிறகு அவளிடம் திரும்பி, "நீ எடுத்துட்டுப் போ குமுதா. எப்படியும் கிச்சன்லதான் போய் நிப்ப. அங்கேயே வச்சு சாமி கும்பிட்டுக்கலாம்," என்றான்.

யாரும் அதைத் தவறாகச் சொன்னதாக நினைக்கவில்லை, சொன்னவனும் நினைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் அந்தக் கதவுக்குள் போய்ப் பார்த்திருந்தார்கள். தெருவே போய்ப் பார்த்திருந்தது. அவளை மட்டும் ஒருவரும் போய்ப் பார்க்கச் சொன்னதில்லை. குமுதவல்லி தலைவாழை இலையைத் தாம்பாளத்தில் பரப்பி, எல்லாவற்றையும் பரிமாறி, பாயசத்தைத் தொன்னையில் ஊற்றி, தண்ணீர்ச் செம்பை நடுவில் வைத்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். ஏகாம்பரமும் தணிகைவேலும் அவள் வந்து நிற்கப்போகும் இடத்தில் கற்பூரத்தோடு காத்திருப்பதற்காகச் சமையலறைக்குள் போனார்கள். அவள் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, நிலையைத் தாண்டினாள்.

அறை வெளிச்சமாக இருந்தது. சன்னல் திறந்திருந்தது, மின்விசிறி சுற்றியது, பாய் விரித்திருந்தது, வலது ஓரத்தில் மடிந்த தடம் இருந்தது. அவளுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் நெடுநேரம் தாம்பாளத்தோடு நின்றாள். ஆச்சரியம் அவளுக்கு வரவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை. வந்தது கோபம். அது அன்றைய கோபம் மட்டுமன்று. சிலிண்டரில் கால் இடித்த கோபமும், அடுத்த தை என்று சொன்ன ஒவ்வொரு தையின் கோபமும், துவைக்கும் இயந்திரம் நடுங்க நடுங்கப் பக்கத்தில் படுத்த கோபமும், எந்திரிம்மா என்ற அந்தக் காலையின் கோபமும், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, இடம் தாராளமாக இருந்ததால் ஒன்றையொன்று நெருக்காமல் அந்த அறையில் உட்கார்ந்தன. அம்மா என்று தொடங்கிய ஒரு நினைப்பும் வந்தது. கூடத்தில் படுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம் என்று அதை முடித்தாள். பிறகு இலையைப் பாயின் முன்னால் வைத்து, செம்புத் தண்ணீரில் கை கழுவி, அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, உண்ணத் தொடங்கினாள்.

அந்த வீட்டில் அவள் எல்லாருக்கும் முன்னதாக உண்டது அதுவே முதல் முறை. முதலில் பாயசம், பிறகு வடையைப் பாதியாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, பிறகு சோறு. காரம் சரியாக இருந்தது. சூடாகவும் இருந்தது, சூடான குழம்பின் ருசியை அவள் சமைத்தே அறிந்திருந்தாள், உண்டு அறிந்ததில்லை.

சமையலறையில் கற்பூரம் எரிந்து அணைந்தது. அவள் வரவில்லை. ஏகாம்பரம் கூடத்துக்கு வந்து கதவைத் தட்டினான்.

"குமுதா, என்னம்மா பண்ற? கதவைத் தொற."

"தாழ்ப்பாள் போடலைண்ணா. வா."

ஏகாம்பரம் கதவைத் திறந்து போனான், சமையலறையில் நின்றான். தணிகைவேல் போனான், அண்ணன் மீது இடித்துக்கொண்டு நின்றான். இருவரும் வெளியே வந்தார்கள்.

"அக்கா, ரூம் இருக்கா உள்ள?" என்று கேட்டான் தணிகைவேல்.

"இருக்கு."

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

சாருமதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படையலை எச்சில் பண்ணிவிட்டாளே என்று ஏகாம்பரம் முதலில் தம்பியிடமும், பிறகு உமாபதியிடமும், பிறகு கதவிடமும் சொன்னான். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றான். நல்ல நாளும் அதுவுமாக என்றான். பிறகு, வந்திருப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில் குரலை இறக்கி, அறை திரும்பிவிட்டது அல்லவா, நல்ல வேளை, கையெழுத்தையாவது போட்டுவிடு என்றான். தேவசகாயத்திடமிருந்து ஒப்பந்தத்தையும் பேனாவையும் வாங்கிக் கதவுக்கு அடியில் தள்ளினான். தாள் உள்ளே போயிற்று. போன தாள் சமையலறையில் சிலிண்டரின் அடியிலிருந்து, கழுவிய ஈரம் காயாத தரையில் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. பேனா அதன் பின்னால் உருண்டு வந்தது. சமையலறை வாசலுக்கு நகர்ந்து வந்திருந்த ஷமீம் பானு அதைப் பார்த்து, சிரிப்பு வெளியே தெரியாமல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"குமுதா, இங்க பாரு. நாங்க என்ன உன்னைத் தெருவுலயா விட்டுட்டோம்? ரெண்டு வீடு இருக்கு உனக்கு."

"ரெண்டு வீட்லயும் எனக்கு எங்க இடம்னு சொல்லு."

ஏகாம்பரம் சொல்லத் தொடங்கினான். தொடங்கியவனுக்குத் தன் வீட்டில் அவள் எங்கே படுத்தாள் என்பது நினைவுக்கு வரவில்லை. தணிகைவேலுக்கு நினைவுக்கு வந்தது; அவன் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தான்.

"கையெழுத்து போட மாட்டேன்ணா. இன்னைக்கு இல்ல, என்னைக்குமே இல்ல. போலீசு, கோர்ட்டு எங்க வேணாலும் போங்க. நான் இந்த ரூமை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

அவள் உரக்கச் சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் உரக்கச் சொல்லாமலே பழகிய குரல் அது. எனினும் கூடம் முழுவதும் கேட்டது. திறந்த சன்னல் வழியே தெருவுக்கும் கேட்டது. அமைதியான தெருவாதலால் எதிர்வீட்டு மாடி வரை கேட்டது. ஏகாம்பரம் கடைசியாக ஒருமுறை கதவை ஓங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் சமையலறை மேடையில் போய் இடித்து நின்றான்.

"வந்துட்டியா?" என்றாள் குமுதவல்லி அறைக்குள்ளிருந்து. "வந்தது வந்துட்ட, பால் கடைசி அடுப்புல இருக்கு பாரு. பொங்கப் போவுது. அணைச்சிட்டு எல்லாருக்கும் காபி போட்டுக் குடு. சக்கரை மேல் தட்டுல."

ஏகாம்பரம் கண்ணாடி அடுப்பைப் பார்த்தான். அதை விலை பேசி வாங்கியவன் அவன். நான்கு திருகிகளில் எது எந்த வாய்க்கு என்று தெரியவில்லை. ஒன்றைத் திருப்பினான், வேறொரு வாயில் தீ எழுந்தது. இன்னொன்றைத் திருப்பினான், பாலுக்குக் கீழே இருந்த தீ பெரிதாயிற்று. தணிகைவேல் ஓடிவந்து மூன்றாவதைத் திருப்பினான். பால் நுரைத்து, விளிம்புக்கு ஏறி, ஒரு கணம் அங்கே நின்று, பிறகு நான்கு பக்கமும் பொங்கி வழிந்து, புதுக் கண்ணாடியில் சீறி, மெருகிட்ட இழுப்பறைகளின் மேல் இறங்கிப் பளபளப்பான தரைக்கு வந்தது. பால் பொங்கிய வாசனை கூடத்துக்கு வந்ததும், எத்தனையோ வீடுகளின் பால் காய்ச்சும் சடங்கில் தாம்பூலம் வாங்கிப் பழகிய தேவசகாயம், தொழில் பழக்கத்தால் தம்மையறியாமல், "பால் பொங்கிடுச்சு. குடி வந்தாச்சு," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லாமல், வாயிலில் கட்டிய பலகையை அவிழ்ப்பதற்காகப் படியிறங்கினார். சாருமதி அவருக்கு முன்னதாகவே எழுந்திருந்தாள்.

குமுதவல்லி இலையைத் தன் பக்கமாக மடித்தாள். சமையலறையில் தம்பி துணி எங்கே என்று கேட்பதும், அண்ணன் எனக்கென்ன தெரியும் என்பதும் அவளுக்குக் கேட்டன. துணி இருக்கும் இடத்தை அவள் சொல்லவில்லை. அவள் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. இவ்வளவு காலம் மடங்கிக் கிடந்தது அதுவும்தான். கையைக் கழுவி, பாயில் மல்லாந்து படுத்து, முதலில் ஒரு காலை நீட்டினாள்; பிறகு மறு காலை நீட்டினாள். எதுவும் இடிக்கவில்லை.